கூதலுக்கு ஒரு பெட்டி

மல்லாவிச் சந்தி தாண்டி, அரிசி ஆலைக்குப் பின்னால்
நாலு மாரி அது பாலைமரத்தின் கீழ் கிடந்தது.
நிறுவனம் போகும்போது ஏலத்தில் தள்ளிவிட்ட ரெயிலர்.
இரும்பு விலைக்கு, கிலோக் கணக்கில் வாங்கினோம்.
ஒரு ரயரில் காற்று இருந்தது.
அமலதாஸ் அதற்கே சிலுவை போட்டான்.

தை பிறந்தால் எங்களுக்கு ஊர் இல்லை.
வெட்டு மெஷினுக்குப் பின்னால்
துணுக்காய், வவுனிக்குளம், பிறகு முருங்கன், நானாட்டான்,
வயல் காய்கிற ஒழுங்கில் போவோம்.
இரவில் ஐந்து பேரும் படங்குக்குக் கீழே
பனி குடித்த சாக்கில் படுத்து
விடிய எழும்பினால்
காது இரண்டும் வேறு ஆருடையதோ மாதிரி இருக்கும்.

எனக்கு இந்தப் பெட்டியைத் தெரியும்.
கண்ணிவெடி எடுத்த ஆறு வருசம்
முழங்காலில் இருந்து எழும்பி, முகக்கவசம் கழற்றி
இதற்குள் வந்துதான் தண்ணி குடித்தோம்.
ஆவணியில் இது போறணை.
கடல் தாண்டி ஏதோ குளிர்நாட்டிலிருந்து வந்ததாம்;
உள்ளே இருந்த அடுப்பை முதல் கிழமையே கழற்றி
ஃபைல் அடுக்க இடம் எடுத்தார்கள்.
புகைக்குழாய் போன ஓட்டையில்
வட்டமாய் ஒரு தகரம்.

பழைய பலகையை உரித்தேன்.
பின்னால் மார்க்கர் பேனையில் எங்கள் பெயர்கள்,
பக்கத்தில் இரத்த வகை.
இதயராணி, ஓ பொசிற்றிவ். அது நான்.
கோமளவதி, பி நெகற்றிவ்.
அவளுடையதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.
கிடைக்காத இரத்தம் என்று ஆரோ பயந்து கீறியது.
தேவைப்படவில்லை.
அவள் இப்போ எட்மன்ரனில் வாசல் பனி வழிக்கிறாள்.

படம் அனுப்பினேன். குரல் வந்தது, சிரிப்போடு:
"இருவது பாகை உங்களுக்குக் கூதலோ?
ஏனடி, கம்பளியும் அனுப்பட்டே?"

சுவருக்கு உமி.
ஆலைக்காரன் சும்மா தந்தான், அள்ளினால் சரியென்று.
சுண்ணாம்பும் வேப்பஞ்சருகும் கலந்து
தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு அங்குலம்
தட்டித் தட்டி இறக்கினோம்.
கூரைக்கு மீன்பெட்டி றெஜிபோம்;
கழுவியும் மணம் போகவில்லை.
யன்னல் இடுக்கெல்லாம் பழைய ரியூப் வெட்டி ஒட்டினேன்.
பெயர்கள் உமிக்குள் போயின.
மூடுகிறபோது ஒரு நிமிடம் நின்றேன் என்று சொன்னால் பொய்;
கரண்ட் போக முதல் வெல்டிங் முடிக்கவேணும்.

முதல் இரவு வெக்கையாய்த் தூங்கினோம்.
மூன்று மணிக்கு மழை என்று எழும்பினான் கஜீபன்.
வெளியே நட்சத்திரம்.
உள்ளேதான் மழை:
ஐந்து பேரின் மூச்சும் யன்னலில், ஆணித்தலையில்,
கதவின் இரும்பில் வேர்த்து
முகத்தில் சொட்டியது.
அமலதாஸின் சொட்டு என்மேல், என்னுடையது அவன்மேல்.
"அடைச்சதிலே பிழை இல்லை,
முழுக்க அடைச்சதுதான் பிழை" என்று
பாயைச் சுருட்டிக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தான்.

காலை கூரையில் ஏறினேன்.
வட்டத் தகரத்தின் நாலு றிவெற்றையும் கிறைண்டரால் சீவினேன்.
ஓட்டைக்கு மேலே
மா ரின் மூடியொன்றை மூன்று காலில் நிறுத்தினேன்,
மழை இறங்காமல், மூச்சு ஏறட்டும் என்று.
அடுப்பு இல்லாத வீட்டுக்குப் புகைபோக்கி.
கோமளவதிக்கு இந்தப் படத்தை அனுப்பவில்லை.

நாளை நாலு மணிக்கு மன்னார்ப் பக்கம்.
கொழுவி சரி, பின்விளக்கு ஒன்று சரி.
நேற்று ஒத்திகைக்கு ஆலைவரை இழுத்தோம்.
திரும்பி வரும்போது பார்த்தேன்,
எங்கேயோ ஒரு திருகாணி ஓட்டையை மறந்திருக்கிறேன்.
தார் ரோட்டில் மெல்லிய கோடாய் உமி,
அதன் பின்னால் இரண்டு கோழி.